சுவரொட்டியில் பெயர் வராதவர்களுக்கு ஒரு நன்றி மடல்

வணக்கம்.

2012 ஜூலையில் லண்டன் ராயல் ஓபரா ஹவுஸில் 'மெட்டமார்ஃபோசிஸ்: டிஷியன் 2012' என்ற பாலே நடன நிகழ்ச்சி அரங்கேறியது. நேஷனல் கேலரி ஓவியக்கூடமும் ராயல் பாலே நடனக் குழுவும் கைகோத்த முயற்சி அது. ஸ்பெயின் மன்னர் இரண்டாம் பிலிப்புக்காக 1550களில் இத்தாலிய ஓவியர் டிஷியன் தொடங்கிய, ரோமானிய வேட்டைத் தெய்வம் டயானாவின் கதை சொல்லும் மூன்று ஓவியங்களிலிருந்து மூன்று புதிய பாலேக்கள் பிறந்தன. கிறிஸ் ஓஃபிலி, கான்ராட் ஷாக்ராஸ், மார்க் வாலிஞ்சர் என்ற கலைஞர்கள் மூவரும் மேடையை வடிவமைத்தார்கள். நடன அமைப்பாளர்கள் ஏழு பேர். அவர்களைப் பலரும் பாராட்டிவிட்டார்கள். மேடை வேலை தெரிந்த நாங்கள் எழுதுவது மற்றவர்களுக்கு.

முதலில், மேடைத் திரைச்சீலையில் ஓவியம் தீட்டியவர்களுக்கு. ஓவியர் தரும் மாதிரி மேசையில் அடங்கிவிடும். அதன்மேல் கட்டம் போட்டு, துணியிலும் அதே எண்ணிக்கையில் கட்டம் இழுத்து, ஒவ்வொன்றாக நிரப்ப வேண்டும். பசை பூசினால் துணி சுருங்கும் என்பதால் நான்கு பக்கமும் இழுத்து ஆணி அடித்த பிறகே தூரிகையைத் தொட முடியும். வண்ணத்தில் பசை கூடினால் திரையைச் சுருட்டும்போது வெடிக்கும். குறைந்தால் பொடி உதிர்ந்து, நுனிக்காலில் நிற்பவரை வழுக்கிவிடும். பகல் வெளிச்சத்தில் பளிச்சென்ற பச்சை நிறம் மஞ்சள் விளக்கில் சேறாகிவிடும்.

உடைக்குச் சாயம் ஏற்றியவர்களுக்கும் நன்றி. டயானா குளிப்பதைப் பார்த்துவிட்டதால் மானாக மாற்றப்பட்ட வேடன் ஆக்டியானைக் கிழிக்கும் வேட்டைநாய்களாக ஆடுபவர்களின் உடை உடம்போடு நீள வேண்டும். தளர்ந்த துணியில் வரைந்தால், கால் தூக்கியதும் கோடு பிளந்து வெள்ளை தெரியும். துணியை இழுத்துப் பிடித்து வரைந்தால்தான் தப்பிக்கலாம். ஆவி காட்டி நிலைநிறுத்தாத சாயம் வியர்வையில் கரையும். தூக்கும் சக நடனக்காரர் கையெல்லாம் நிறம்.

ஷாக்ராஸின் மேடையில் விளக்கேந்திய இயந்திரக் கை ஒன்று டயானாவாக நின்றது. இசைக்குழு நடத்துநர் ஒரு நாள் சற்று வேகமெடுத்தால் நடனக்காரர் சமாளித்துக்கொள்வார், நிரல்படி ஓடும் இயந்திரம் சமாளிக்காது. நடனத்தையும் எந்திரத்தையும் ஒரே தாளத்தில் பிடித்துவைத்தவர்கள்தான் அன்றைய உண்மையான தாளக்காரர்கள் என்பது எங்கள் கட்சி.

வாலிஞ்சரின் வளைந்த கண்ணாடி வேறு சோதனை. முன்னால் வெளிச்சம் இருந்தால் அது முகம் காட்டும் கண்ணாடி. பின்னால் விளக்கேற்றினால் உள்ளே இருப்பவர் தெரிவார். பின்பக்கம் கொஞ்சம் வெளிச்சம் கசிந்தாலும் மாயம் கலையும். விளக்குக் குழுவுக்கு வணக்கம்.

கடைசியாக மேடைப் பணியாளர்களுக்கு. இயந்திரம் போய் கண்ணாடி வர வேண்டும், கண்ணாடி போய் திரை வர வேண்டும். எல்லாம் இடைவேளைக்குள். ஒரு கைரேகை பதிந்தாலும் பக்க விளக்கு காட்டிக்கொடுத்துவிடும். துடைத்த கைகளுக்கும் நன்றி.