நரி முகத்தில் முழித்தவளுக்கு

ஹரோ, லண்டன்,
சித்திரை மாதம்

அன்பு மகளுக்கு,

நேற்று நீ கதைத்து முடித்துப் போனை வைத்த பிறகு அம்மா சிரித்தா. "விடியக்காலமை நரி முகத்தில முழிச்சிருக்கிறாள், ஒரு லொத்தர் எடுக்கச் சொல்லுங்கோ" என்றா. உனக்கு அது சிரிக்கிற விசயம் இல்லை என்று எனக்குத் தெரியும். கதவுக்கு அங்கால் நரி, இங்கால் தவழ்கிற பிள்ளை, நடுவில் ஒரு கண்ணாடி. நீ கை தட்டினாய், அது அசையவில்லை. குந்தியிருந்து உன்னையே பார்த்தது. முந்தாநாள் கதவு திறந்து கிடந்த நேரம் குசினிக்குள்ளேயே வந்து, சின்னவனின் கதிரைக்குக் கீழே கொட்டிக் கிடந்ததை நக்கிவிட்டு ஆறுதலாகப் போனது என்றாய். மருமகன் அதைச் சுடத் துவக்குக்காரன் ஒருவனோடு கதைத்து விலை பேசியிருக்கிறார் என்றும் சொன்னாய். நான் "கொஞ்சம் பொறு பிள்ளை" என்று மட்டும் சொன்னேன். மிச்சத்தை எழுதுகிறேன். போனில் எனக்குச் சொல்ல வராத ஒன்றும் இதற்குள் இருக்கிறது.

முதலில் அம்மாவின் பயம். ஊரில் நாய் கடித்தாலும் நரி கடித்தாலும் விசர்நோய் வரும் என்று வளர்ந்தவர்கள் நாங்கள். அங்கே அது உண்மை. இங்கே 1922 இலேயே அதை ஒழித்துவிட்டார்கள், பிரித்தானிய நரிகளுக்கு அந்த வருத்தம் இல்லை. கடித்தால் டொக்டரிடம் போகத்தான் வேண்டும், ஆனால் அது வேறு கதை. பார்க்கப் பெரிதாகத் தெரிவது மயிர். நிறுத்தால் ஆறு ஏழு கிலோ வரும், கொழுத்த பூனையைவிடக் கொஞ்சம்தான் கூட.

அப்படியென்றாலும் சின்னவன் விசயத்தில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். 2010 இல் லண்டன் ஹக்னியில் ஒரு வீட்டில், வெக்கைக்குப் பின்கதவைத் திறந்து விட்டிருந்த இரவு, நரி மாடிக்கு ஏறிப்போய் நித்திரையாய்க் கிடந்த இரட்டைக் குழந்தைகளைக் கடித்தது. அப்படி நடப்பது மிக அரிது. நாய் கடிப்பதோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. ஆனாலும் வெயில் வந்தவுடன் கதவை அகலத் திறந்து வைத்துவிட்டு மேலே உடுப்புக் காயப்போடப் போகாதே. பிள்ளையைத் தள்ளுவண்டியில் நித்திரையாக்கி வெளியே தனிய விடாதே. இதில் அரிது, வழமை என்ற கணக்குப் பார்க்கத் தேவையில்லை.

இனி, அது ஏன் போகவில்லை என்பதற்கு வருகிறேன். நரி இயல்பில் வெருளி. மனிதர் கதவைத் திறந்தால் வேலியால் பாய வேண்டும். பாயாமல் குந்தியிருந்து பார்க்கிறது என்றால் யாரோ பழக்கியிருக்கிறார்கள். உங்கள் தெருவில் எவரோ ஒருவர் அதற்குக் கையால் சாப்பாடு தீத்துகிறார். அது உன் கதவிலும் அதே கையைத்தான் எதிர்பார்த்துக் குந்தியிருக்கிறது.

எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பாய்.

என் தாய், உன் அப்பாச்சி, செத்தது 2000 இல். சண்டையால் யாழ்ப்பாணத்துக்குப் போகிற ஏ9 பாதை பூட்டிக் கிடந்த காலம். என்னிடம் இருந்த கடதாசியோடு விமானம் ஏறினால் திரும்பி வர முடியாது. செத்தவீட்டை நான் போனில்தான் கேட்டேன். அடுத்த வருசம், செத்த தாய்க்குப் படைக்கிற சித்திரா பௌர்ணமிக்கு, அம்மா எல்லாம் சமைத்தா. சோறு, பருப்பு, கத்தரிக்காய்க் கறி, வாழைக்காய்ப் பொரியல், பாயாசம், வடை. அல்பேர்ட்டன் கடையில் வாழையிலை வாங்கி வந்தேன். இதே வீடுதான், அப்போது வாடகைக்கு இருந்தோம். ஷெட்டுக் கூரையில் படையலை வைத்துவிட்டுக் காகத்துக்குக் காத்து நின்றேன். இங்கேயும் காகம் இருக்கிறது, உனக்குத் தெரியும், ஆனால் அன்றைக்கு ஒன்றையும் காணவில்லை. "கா கா" என்று கூப்பிட வெட்கம். பக்கத்து வளவில் ஒரு வெள்ளைக்காரர் புல்லு வெட்டிக்கொண்டு நின்றார்.

பட்டப்பகலில் நரி வந்தது. வேலியிலிருந்து ஒரே பாய்ச்சலில் கூரைக்கு ஏறி, முதலில் வடையை எடுத்தது. நாலாம் வகுப்பில் படித்த கதையில் காகம் பாட வேண்டியிருந்தது. இங்கே காகமும் இல்லை, பாட்டும் இல்லை. யன்னலால் பார்த்துக்கொண்டு நின்ற அம்மா, "மாமிக்கு வடை எண்டால் உயிர்" என்றா. அவ்வளவுதான் சொன்னா. அடுத்த நாள் நான் ஒரு அவித்த முட்டை வைத்தேன். அப்பாச்சி வாழ்நாளில் முட்டை தொடாதவ என்பது எனக்குப் பிறகுதான் ஞாபகம் வந்தது.

அது பெட்டை நரி. பங்குனியில் குட்டி போட்டு, சித்திரைக் கடைசியில் குட்டிகள் வெளியே தலைகாட்டுகிற நேரம். நாலைந்து வாய்க்குத் தேட வேண்டியிருப்பதால் இந்த மாதத்தில்தான் தாய் நரி பகலிலும் அலையும். இதையெல்லாம் பிறகுதான் வாசித்து அறிந்தேன். அன்றைக்கு எனக்கு அது சித்திரா பௌர்ணமிக்குத் தேடி வந்த ஒன்று. கூரையில் வைத்தது படியில் வைப்பதாகியது. படியிலிருந்து கைக்கு வந்தது. நான் வேலைக்கு வெளிக்கிடுகிற நேரமும் திரும்புகிற நேரமும் அதற்குத் தெரியும். அம்மாவுக்கு அரைவாசிதான் தெரியும். "நரிக்கு இடம் கொடுத்தால் கிடைக்கு ரெண்டு ஆடு கேக்கும்" என்று சொல்லிச் சொல்லியே எங்களை வளர்த்தவ அப்பாச்சி. அவவின் பேரைச் சொல்லியே நான் இடம் கொடுத்தேன்.

உன் பள்ளிக்கூடச் சப்பாத்தில் ஒன்று காணாமல் போனது ஞாபகமா? உனக்கு அப்போது ஆறு வயது. பொறுப்பில்லை என்று ஏசினேன், ஒரு அடியும் போட்டேன். நீ "பின்கதவடியிலதான் வச்சனான்" என்று தேம்பித் தேம்பிச் சொன்னாய். நரிகளுக்குத் தோலும் வேர்வையும் மணக்கிற சாமான் என்றால் விளையாட்டு. பெர்லினில் 2020 இல் ஒரு நரி நூற்றுக்கு மேற்பட்ட சப்பாத்துகளைச் சேர்த்து வைத்திருந்தது, படத்தோடு செய்தி வந்தது. உன்னுடையதை அடுத்த கிழமை ஷெட்டுக்குப் பின்னால் கண்டெடுத்தேன். எடுத்து ஒளித்து வைத்தேன். உனக்குச் சொல்லவில்லை.

அது சின்ன விசயம். பக்கத்து வீட்டுக் குஜராத்தி ஆச்சிதான் பெரிய விசயம். புரட்டாதியில் ஒரு பின்னேரம் அவ கையில் ஒரு பையோடு பின்வளவுக்கு வந்தா. நரி ஓடிப்போய்ப் பையை எட்டப் பார்த்தது, சேலைத் தலைப்பு வாயில் அகப்பட்டது. கடிக்கவில்லை, இழுத்தது. ஆச்சி விழுந்து மணிக்கட்டு உடைந்தது. ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். காத்திருக்கிற நேரம் அவ என் கையைப் பிடித்து, "என் பிழைதான், நான் அதுக்கு இடைக்கிடை ரொட்டி போடுவன்" என்றா. அவவின் மகன் அன்றிரவு அவவை ஏசினது சுவரால் எனக்குக் கேட்டது. இடைக்கிடை போட்டவ அவ. ஒவ்வொரு நாளும் தீத்தினவன் நான். நான் வாய் திறக்கவில்லை. ஆச்சி இப்போது இல்லை. இதை எழுதி முடிக்க இரண்டு நாள் எடுத்தது.

ஆகையால் துவக்குக்காரனை நிறுத்தச் சொல்லு. பாவம் பார்த்து மட்டும் சொல்லவில்லை, அது காசுக்குப் பிடித்த கேடு. ஒரு நரி செத்தால் அதன் எல்லை வெறுமையாய்க் கிடக்காது, கொஞ்ச நாளில் இன்னொன்று வந்து குந்தும். அதற்கு நீங்கள் இருக்கிற பிரிஸ்டலே சாட்சி. 1994 இல் அங்கே நரிகளுக்குச் சொறி நோய் வந்து நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் அழிந்தன. பிரிஸ்டல் பல்கலைக்கழகக்காரர் எண்ணி எழுதி வைத்திருக்கிறார்கள். அவ்வளவு அழிந்த ஊரில் இன்றைக்கு உன் கதவடியில் ஒன்று குந்தியிருக்கிறது. கவுன்சிலும் வந்து பிடிக்காது, நரியைப் பீடையாகக் கணக்கெடுக்கிற கடமை அவர்களுக்கு இல்லை. பொறி வைத்துப் பிடித்துக் காட்டில் விடுகிறோம் என்பவர்களையும் நம்பாதே. தெரியாத இடத்தில் விட்ட நரி படுகிற பாட்டுக்குச் சுட்டாலும் பரவாயில்லை.

பின்வளவுப் பலகை டெக்குக்குக் கீழே முனகல் கேட்கிறது, மணமும் அடிக்கிறது என்றாயே. அது குட்டிகள். இப்போது அந்த ஓட்டையை அடைத்தால் உள்ளே குட்டிகள் செத்து நாறும், வெளியே தாய் பலகையைக் கிழிக்கும். ஆடி முடியும் வரை தொடாதே. பிறகு பழைய பேப்பரைக் கசக்கி ஓட்டைக்குள் லேசாகத் திணித்து வை. நாலைந்து நாள் ஒருவரும் இழுத்துப் போடவில்லை என்றால் உள்ளே ஆளில்லை. அப்போது கம்பிவலை அடிப்போம். கோழிக்கூட்டு வலை இல்லை, பற்றவைத்த தடித்த வலை. ஒரு அடி ஆழம் தாட்டு, அடியை வெளிப்பக்கமாக மடித்துவிட வேண்டும். கிண்டிக்கொண்டு வருகிறதுக்கு மடிப்பு தடுக்கும். இந்த வேலைக்கு நான் ஆவணியில் வாறேன், மருமகன் தனியச் செய்ய வேண்டாம்.

அதுவரை நீ செய்ய வேண்டியது அதைத் திரும்ப வெருளி ஆக்குவது. பூக்கன்றுகளுக்கு என்ன பசளை போட்டாய்? எலும்புத்தூள் என்றால் அதுதான் நிலத்தைக் கிண்டுகிறதுக்குக் காரணம், கீழே ஏதோ பிணம் கிடக்கிறது என்று நினைக்கும். சாப்பாட்டுக் குப்பைப் பெட்டியின் பிடியை முன்னுக்குத் தள்ளிப் பூட்டு. குருவிக்குப் போடுகிற தீன் நிலத்தில் சிந்தாமல் தொங்கட்டும். பிள்ளைகள் விளையாடுகிற மண்பெட்டிக்கு மூடி போடு. நரிப் பீயைக் கையுறை போட்டு அள்ளு, குடற்பூச்சி முட்டை அதில் இருக்கலாம். பெரியவனிடம் பாண் கரையை யன்னலால் எறிய வேண்டாம் என்று சொல்லு. கேட்பானோ தெரியாது, நீ கேட்கவில்லை.

அது வந்து குந்தினால் பின்வாங்காதே. நீ பின்வாங்குகிற ஒவ்வொரு அடியும் அதற்கு ஒரு பாடம். பிள்ளையைத் தூக்கி உள்ளே விட்டுவிட்டு, வெளியே வந்து சத்தம் போடு, தண்ணிக் குழாயைத் திருப்பு. வீட்டில் எல்லாரும் ஒவ்வொரு தரமும் ஒரே மாதிரிச் செய்ய வேண்டும். ஒருவர் கலைக்க இன்னொருவர் "ஐயோ பாவம்" என்று நின்றால் சரிவராது. உள்ளே வந்துவிட்டால் மட்டும் மறிக்காதே, கதவை அகலத் திறந்து விலகி நில். டீசல் ஊற்றச் சொல்லுகிற மாமாமார் எங்கள் ஆட்களுக்குள் நிறையப் பேர். அது சட்டப்படி குற்றம். நரிக்கென்று அனுமதித்த மருந்து கடையில் விற்கிறது, அலுமினியம் அமோனியம் சல்பேட் என்று போட்டிருக்கும், மழை பெய்தால் திரும்பத் தெளிக்க வேண்டும். மிளகாய்த்தூளும் வேண்டாம். நான் தூவிப் பார்த்தேன், காற்று என் பக்கம் திரும்பியது.

எங்களுடைய நரிக்கு என்ன நடந்தது என்று கேளாமல் விடமாட்டாய். ஆச்சி விழுந்த அன்றோடு நிறுத்தினேன். மூன்று கிழமை படியில் வந்து குந்தியது. நான் தண்ணி அடித்தேன். நனைந்தபடியே என் கையைப் பார்த்தது. மாசி மாதம் அடுத்த தெருவில் கார் அடித்துக் கிடந்தது. நகர நரிகளில் கனக்க அப்படித்தான் முடிகின்றன, ஆனால் இதற்குக் காருக்கு ஒதுங்காத குணத்தில் என் பங்கும் இருந்திருக்கும்.

அதனால்தான் சொல்லுகிறேன், உங்கள் தெருவில் தீத்துகிற ஆளைக் கண்டுபிடி. தனிய இருக்கிற ஒருவராகத்தான் இருக்கும். சண்டைக்குப் போகாதே, கடிதம் எழுதி வாசலில் போடாதே. சின்னவனையும் தூக்கிக்கொண்டு போய்க் கதவைத் தட்டு. தேத்தண்ணி தந்தால் குடி. குட்டி டெக்குக்குக் கீழே இருப்பதைச் சொல்லு, பிள்ளை தவழ்வதைக் காட்டு. முதலில் இல்லை என்பார். நானும் இல்லை என்றுதான் சொல்லியிருப்பேன். இரண்டாம் தரமும் போ.

வருகிற பௌர்ணமிக்கும் அம்மா வடை சுடுவா. நான் இப்போது கூரையில் வைத்துவிட்டுப் போவதில்லை, தடியோடு பக்கத்தில் நிற்கிறேன். வெட்கம் போய்விட்டது, சத்தமாகவே கூப்பிடுகிறேன். அரை மணித்தியாலத்தில் காகம் வராவிட்டால் உள்ளே கொண்டு வந்து நானே சாப்பிடுகிறேன்.

கம்பிவலை எத்தனை மீற்றர் வேண்டும் என்று மருமகனிடம் டெக்கை அளந்து அனுப்பச் சொல்லு. உன் சப்பாத்து இன்னும் ஷெட்டுக்குள் ரின் ஒன்றில் கிடக்கிறது. இடது கால், குதியில் பல்லுத் தடம் இருக்கிறது. வரும்போது அதையும் எடுத்து வாறேன்.

அன்புடன்
அப்பா