‘கினாத்தாய்’ படத்தின் இருட்டு

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பிரான்சின் கான் திரைப்பட விழாவில் சர்ச்சைக்குள்ளான படங்களைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரை, பிலிப்பைன்ஸ் இயக்குநர் பிரிலாண்டே மெண்டோசாவின் ‘கினாத்தாய்’ படத்தைப் பார்வையாளரை வதைக்கும் படம் என்று ஒரே வரியில் ஒதுக்கிவிட்டது. அதை ஏற்க என் மனம் ஒப்பவில்லை.

2009-இல் அவ்விழாவில் பிரெஞ்சு நடிகை இசபெல் ஹூப்பர் தலைமையிலான நடுவர் குழு (நம் நடிகை ஷர்மிளா தாகூரும் அதில் இருந்தார்) மெண்டோசாவுக்குச் சிறந்த இயக்குநர் விருதை அளித்தது. அதே படத்தைக் கான் வரலாற்றிலேயே மிக மோசமானது என்று அமெரிக்க விமர்சகர் ரோஜர் ஈபர்ட் சாடினார்; அவ்வாண்டு தன் படத்தோடு போட்டியில் இருந்த அமெரிக்க இயக்குநர் குவென்டின் டாரன்டினோவோ மெண்டோசாவைப் பாராட்டிக் கடிதமே எழுதினார்.

காலையில் திருமணம் முடித்த, கைக்குழந்தைக்குத் தகப்பனான, காவல்துறை வேலைக்குப் படிக்கும் பெப்பிங், கூடுதல் காசுக்காக அன்றிரவு நண்பனோடு ஒரு வேனில் ஏறுகிறான். கடன்பட்ட பாலியல் தொழிலாளியான மடோனாவைக் கடத்திச் செல்கிறார்கள் என்பது வண்டி நகர்ந்த பிறகுதான் அவனுக்கு உறைக்கிறது. மணிலாவை விட்டு வெளியேறும் அந்த நெடும்பயணத்தில், எதிரே வரும் வண்டிகளின் வெளிச்சம் அவன் முகத்தில் பட்டு மறைவதைத் தவிர, நமக்குப் பெரிதாக எதுவும் தெரிவதில்லை. எதுவும் தெரியவில்லை, இரைச்சல் தாங்கவில்லை என்று பலர் குறைகூறியது இந்தப் பகுதியைத்தான். எனக்கோ படத்தின் உயிரே அதில்தான் இருக்கிறது. ஏதாவது செய்ய வேண்டும் என்று தவித்தபடியே எதுவும் செய்யாமல் உட்கார்ந்திருப்பவனின் பக்கத்து இருக்கையில், இறங்க வழியின்றி, நம்மையும் இயக்குநர் உட்கார வைத்துவிடுகிறார். மடோனாவின் கொலை முடிந்து விடியற்காலையில் அவன் வீடு திரும்பும் டாக்சியின் டயர் பஞ்சராகி, அவன் சாலையோரம் நிற்கும்போது, அவனை வெறுக்கவும் முடியாமல் மன்னிக்கவும் முடியாமல் நான் திணறினேன்.

படத்தில் குறையே இல்லை என்று வாதிட மாட்டேன். பெப்பிங்கின் கல்யாணத்தையும் உறவினரையும் அத்தனை நிதானமாகக் காட்டும் படத்தில், மடோனா நமக்கு அறிமுகமாவதே அன்றிரவுதான். அவளுக்கென்று ஒரு பகல் இல்லை. கூறுபோடப்படும் உடலாகவே அவள் நம் நினைவில் எஞ்சுகிறாள். நான் வாசித்தவரை, புகழ்ந்தவர்களும் இகழ்ந்தவர்களும் இயக்குநரின் துணிச்சலைப் பற்றிப் பேசிய அளவுக்கு அவளைப் பற்றிப் பேசவில்லை. தங்கள் கட்டுரையாளர் அதைச் சுட்டிக்காட்டியிருந்தால், மறுப்பேதும் சொல்லாமல் ஒப்புக்கொண்டிருப்பேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி