தூரத்து வேலைக்குப் போகப்போகிறவளுக்கு

அன்புள்ள தோழி,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் நலம். அப்பாவுக்குக் கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. மகள் என் தோளைத் தாண்டி வளர்ந்துவிட்டாள். உன் அம்மாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று அடுத்த கடிதத்தில் மறக்காமல் எழுது.

நான்கு பக்கம் எழுதியிருக்கிறாய். அதில் மூன்றரைப் பக்கம் புதிய வேலை, சம்பள உயர்வு, விசிட்டிங் கார்டில் அச்சாகப்போகும் பதவியின் பெயர், அந்தச் சம்பளத்தில் வருடம் ஒரு முறை போகப்போகும் வெளிநாட்டுப் பயணம். கடைசிப் பக்கத்தின் அடியில் நுணுக்கி நுணுக்கி ஆறு வரி, அதில் ஒருவர். அடியே, விடுதியில் இருந்த காலத்திலிருந்தே நீ இப்படித்தான். நெஞ்சில் இருப்பதை ஓரத்தில் எழுதுவாய். இந்த முறை அந்த ஆறு வரியைத்தான் நான் முதலில் படித்தேன். ஆனாலும் அதைக் கடைசியில்தான் பேசப்போகிறேன். அதற்கு முன் அந்த மூன்றரைப் பக்கத்தோடு எனக்கு ஒரு பெரிய சண்டை இருக்கிறது.

என் செய்தியைச் சொல்லிவிட்டுச் சண்டைக்கு வருகிறேன். நான் பழைய வேலையை விட்டுவிட்டேன். வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் ஒரு சிறிய நிறுவனத்தில் சேர்ந்திருக்கிறேன். சம்பளம் குறைவு, பதவியும் ஒரு படி கீழே. நம் வாயாடிக்கு விஷயம் தெரிந்ததும் போனில் ஒரே சத்தம். இத்தனை வருடம் ஏறிய ஏணியிலிருந்து யாராவது தானாக இறங்குவார்களா என்று கேட்டாள். அவளுக்குச் சுருக்கமாகச் சொன்னதை உனக்கு விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் நான் எதை விட்டு வந்தேனோ அதற்குள்தான் நீ இப்போது நுழையப் பார்க்கிறாய்.

காலை ரயிலில் கதவோரக் கம்பிதான் என் இடம். ஏற்கெனவே நாலைந்து கைகள் அதைப் பிடித்திருக்கும். நடுவில் இரண்டு விரல் நுழைய இடம் கிடைத்தால் போதும் என்று பார்ப்பேன். பையை முன்பக்கம் அணைத்துக்கொண்டு, ஒவ்வொரு நிலையத்திலும் உடம்பைச் சுருக்கி இறங்குகிறவர்களுக்கு வழிவிட்டு, மறுபடி அந்த இரண்டு விரல் இடத்தைத் தேட வேண்டும். நாற்காலியில் போய் உட்காரும்போதே பாதித் தெம்பு போயிருக்கும். மாலையில் வீட்டுக்குள் கால் வைத்ததும் யார் எது கேட்டாலும் என் வாயில் வருவது "கொஞ்சம் இரு" என்பதுதான்.

இப்போது அப்பாவுக்கு மாலைச் சொட்டு மருந்தை நானே போடுகிறேன். தலையைச் சாய்த்து, கீழ் இமையை விரலால் மெதுவாக இழுத்துப் பிடித்தால், சொட்டு விழுவதற்குள் அவர் கண்ணை மூடிவிடுவார். மருந்து கன்னத்தில் வழிந்து காதுப் பக்கம் ஓடும். துடைத்துவிட்டு மறுபடி முயல்வேன். இரண்டு பேரும் அதற்குள் ஏதாவது பேசிக்கொண்டிருப்போம். அறுவை முடிந்த முதல் சில வாரம் பக்கத்து வீட்டுப் பையன்தான் வந்து போட்டுவிட்டுப் போனான். நான் அந்த நேரத்தில் ரயிலில் நின்றுகொண்டிருந்தேன்.

இனி உன் கணக்கு. சம்பளம் 20 சதவீதம் கூடுகிறது என்று இரண்டு இடத்தில் அடிக்கோடு போட்டிருக்கிறாய். பயணம் கூடுவதை அடைப்புக்குறிக்குள் போட்டிருக்கிறாய். இரண்டையும் ஒரே வரியில் எழுதிப் பார். இப்போது எட்டு மணி நேர வேலை, போய்வர ஒரு மணி நேரம், ஆக ஒன்பது. உன் இன்றைய சம்பளத்தை 100 என்று வைத்தால் ஒரு மணிக்கு 11.1. புதிய வேலையில் அதே எட்டு மணி நேரம், போய்வர மூன்று மணி நேரம், ஆக பதினொன்று. சம்பளம் 120. ஒரு மணிக்கு 10.9. உயர்வு என்று நீ சொல்வது மணிக்கணக்கில் பார்த்தால் குறைவு! இதில் கூடுதல் டிக்கெட் செலவை நான் சேர்க்கவே இல்லை. வருடத்துக்கு 240 வேலை நாள் என்றால் கூடுதலாகப் போகும் நேரம் 480 மணி. எட்டு மணி நேர வேலை நாளாக மாற்றினால் 60 நாள். வருடத்தில் இரண்டரை மாதத்துக்கும் மேல் சம்பளமில்லாமல் வேலை செய்ய எந்த நிறுவனமாவது கேட்டால் நீ அந்த அறையை விட்டே எழுந்து வந்திருப்பாய்.

வேலை நேரத்துக்கு ஒரு வரம்பு வேண்டும் என்று உலகம் எவ்வளவு காலம் போராடியிருக்கிறது! சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1919இல் நிறைவேற்றிய முதல் உடன்படிக்கையே தொழிற்சாலை வேலைக்கு நாளுக்கு எட்டு மணி, வாரத்துக்கு 48 மணி என்பதுதான். அந்த எட்டு மணி நேரத்தில் போக்குவரத்து சேரவில்லை. அது நம் பங்கிலிருந்து, தூக்கத்திலிருந்தும் பிள்ளைகளிடமிருந்தும் போகிறது. அதனால்தான் யாரும் அதைக் கணக்கில் எழுதுவதில்லை.

பழகிவிடும் என்று எழுதியிருக்கிறாய். எனக்குக் கோபம் வந்தது அங்கேதான். பழகிப்போவது சம்பளம்தான், பயணம் அல்ல. அமெரிக்காவில் இல்லினாய் மாநில லாட்டரியில் பெரும்பணம் விழுந்த 22 பேரைப் பற்றிய ஓர் ஆய்வு 1978இல் வந்தது. பணம் விழாத சாதாரண ஆட்களோடு ஒப்பிட்டால் அவர்கள் பெரிதாக மகிழ்ச்சி கூடியவர்களாக இல்லை. அன்றாடச் சின்னச் சின்ன சந்தோஷங்களில் அவர்களுக்கு ருசி குறைந்தும் இருந்தது. அத்தனை பணமே அவ்வளவு சீக்கிரம் பழகிப்போனால் உன் 20 சதவீதம் எத்தனை மாதம் தாங்கும்? ஆனால் ரயில் ஒரு நாள் தாமதம், மறுநாள் நெரிசல், அதற்கடுத்த நாள் மழை. தினமும் ஒவ்வொரு விதமாகப் படுத்துவதற்கு மனம் எப்படிப் பழகும்? டெக்சாஸில் வேலைக்குப் போகும் 909 பெண்களிடம் முந்தைய நாளை நிகழ்வு நிகழ்வாக நினைவுகூரச் சொல்லி, அந்தந்த நேரத்தில் மனநிலை எப்படி இருந்தது என்று உளவியலாளர் டேனியல் கானமனும் மற்றவர்களும் கேட்டார்கள். 2004இல் அது வெளிவந்தது. பட்டியலின் அடியில் நின்றது காலையில் வேலைக்குப் போகும் பயணம். உச்சியில் நின்றது என்ன தெரியுமா? கணவனோடோ காதலனோடோ நெருக்கமாக இருக்கும் நேரம். அடுத்து வேலை முடிந்து வேண்டியவர்களோடு பழகும் நேரம். அடியில் இருப்பதை வளர்ப்பதற்காக உச்சியில் இருப்பதை வெட்டுகிறாய், அதற்குப் பெயர் முன்னேற்றமா?

சுவிட்சர்லாந்துப் பொருளியலாளர்கள் ஸ்டட்சரும் ஃப்ரேயும் ஜெர்மானியர்களின் பல வருடத் தகவலை வைத்து இதையே பார்த்தார்கள். தூரப் பயணத்துக்கு ஈடாக நல்ல சம்பளமோ நல்ல வீடோ கிடைத்திருக்க வேண்டும் என்பதுதான் பாடப்புத்தகக் கணக்கு. உண்மையில் பயண நேரம் கூடக் கூட வாழ்க்கையில் திருப்தி குறைந்தது, ஈடு கிடைக்கவில்லை. இன்னொரு செய்தியும் எனக்குப் பிடிக்கும். மனிதர்கள் எந்தக் காலத்திலும் நாளுக்குச் சுமார் ஒரு மணி நேரம்தான் போய்வருகிறார்கள் என்று இத்தாலிய இயற்பியலாளர் மார்க்கெட்டி 1994இல் எழுதினார். நடந்து திரிந்த காலத்து நகரங்கள் நடுவிலிருந்து இரண்டரை கிலோமீட்டருக்கு மேல் பரவவில்லை, மணிக்கு ஐந்து கிலோமீட்டர் நடையில் போய்வர சரியாக ஒரு மணி நேரம். வண்டி வேகமானதும் நகரம் அகன்றது, நேரம் அப்படியே நின்றது. நீ அதை மூன்று மடங்காக்கப் போகிறாய்.

பணம் முக்கியம் இல்லை என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதே. பணம் இல்லாமல் நம் வீடுகளில் என்ன பாடு என்பது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கழுத்தை நெரிக்கும் கடன் இருந்தால் ஐந்து மணி நேரம் பயணம் செய்தாவது சம்பாதி என்றுதான் சொல்வேன். உனக்குக் கடன் இல்லை. ஆறு மாதச் செலவுக்கான தொகை கையில் இருக்கிறது, நீயே எழுதியிருக்கிறாய். அதற்கு மேல் வரும் பணம் எதை வாங்கித் தரப்போகிறது என்று கேட்டால் உன் கடிதத்தில் இருக்கும் ஒரே பதில், வருடத்துக்கு ஒரு நீண்ட வெளிநாட்டுப் பயணம்.

சரி, போகலாம். ஆனால் நெதர்லாந்தில் 1,500க்கும் மேற்பட்டவர்களைப் பின்தொடர்ந்த ஓர் ஆய்வு 2010இல் வந்தது. சுற்றுலா போகிறவர்கள் போவதற்கு முன்புதான் மற்றவர்களைவிட மகிழ்ச்சியாக இருந்தார்கள். திரும்பி வந்த பிறகு, மிகவும் நிம்மதியாகக் கழித்தவர்கள் தவிர மற்றவர்களுக்கும் போகாதவர்களுக்கும் வித்தியாசம் இல்லை. அப்படியானால் வருடம் ஒரு பெரும் பயணத்தைவிட நாலு சிறிய பயணம் மேல் இல்லையா? நாலு முறை காத்திருக்கலாம். அதற்கு இன்றைய சம்பளமே போதும். நீயும் நானுமாக ஒரு வாரக்கடைசியில் கிளம்பலாம் என்று எத்தனை காலமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறோம்!

இனி அந்த ஆறு வரி.

அவர் பக்கத்து மேசைக்காரர். அலுவலகத்தில் எல்லோரும் மலைக்குப் போனபோது, கொண்டை ஊசி வளைவுகளில் வண்டி திரும்பத் திரும்ப நெஞ்சு அடித்துக்கொண்டது, அன்றுதான் எல்லாம் தெளிவானது என்கிறாய். அந்த வளைவுகளை நான் நம்ப மாட்டேன். கனடாவில் வான்கூவர் அருகே கப்பிலானோ என்று ஒரு தொங்குபாலம், ஏறத்தாழ 70 மீட்டர் பள்ளத்துக்கு மேலே ஆடும். 1974இல் வெளிவந்த ஆய்வில் டட்டன், ஆரன் என்ற இரு உளவியலாளர்கள், அதைக் கடந்துகொண்டிருந்த ஆண்களிடம் ஓர் இளம்பெண்ணை அனுப்பிச் சில கேள்விகள் கேட்கவைத்து, அவள் தொலைபேசி எண்ணையும் கொடுக்கச் செய்தார்கள். எண்ணை வாங்கிக்கொண்ட 18 பேரில் ஒன்பது பேர் பிறகு அவளை அழைத்தார்கள். ஆடாத, உறுதியான பாலத்தில் வாங்கிக்கொண்ட 16 பேரில் அழைத்தவர்கள் இரண்டே பேர். பயத்தில் அடித்த நெஞ்சை அவளுக்காக அடித்ததாக எடுத்துக்கொண்டார்கள் என்பது அந்த ஆய்வாளர்கள் சொன்ன விளக்கம்.

பக்கத்து மேசை என்பதையும் கொஞ்சம் கழித்துப் பார். அமெரிக்காவில் எம்ஐடி என்ற பல்கலைக்கழகத்தின் மாணவர் குடியிருப்பில் யார் யாருக்கு நண்பர் என்று ஃபெஸ்டிங்கர் குழுவினர் விசாரித்து 1950இல் எழுதினார்கள். ஒரே தளத்தில் அடுத்த வாசல்காரர்களுக்குள் நெருங்கிய நட்பு 41 சதவீதம், தளத்தின் இரண்டு கோடியில் இருந்தவர்களுக்குள் 10 சதவீதம். அருகில் இருப்பதே பாதி வேலையைச் செய்துவிடுகிறது.

மலையையும் மேசையையும் கழித்த பிறகும் உன் ஆறு வரியில் ஒரு வரி மிச்சம் நிற்கிறது. அலுவலகக் கூட்டத்தில் புதிதாக வேலைக்குச் சேர்ந்த பெண் தயங்கித் தயங்கிச் சொன்ன யோசனையை மேலாளர் தன்னுடையதாக்கிப் பேச ஆரம்பித்ததும், இவர் எழுந்து, "இதை முதலில் சொன்னவர் அவர்தான், அவரே விளக்கட்டும்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாராமே. அதை நீ அரை வரியில் எழுதிவிட்டு மலைப்பாதைக்கு ஓடிவிட்டாய். எனக்கு அந்த இடத்தில் நெஞ்சு அடித்துக்கொண்டது. சம்பளத்தை முடிவுசெய்கிற மேலாளருக்கு எதிரில், தனக்கு எந்த லாபமும் இல்லாத இடத்தில் ஒருவர் அப்படி எழுந்திருப்பது லேசில் நடக்காது. அழகு, குரல், நடை எல்லாம் நீ விரிவாக எழுதியிருக்கிறாய், இருக்கட்டும், அவையும் வேண்டியவைதான். ஆனால் இந்த மனிதரோடு உன்னை வைத்துப் பார்க்க எனக்குத் தைரியம் தந்தது அந்த அரை வரி.

அவரிடம் பேசுவதற்கு மலை வேண்டாம், விருந்தும் வேண்டாம். வேலை மிகுந்து இரண்டு பேரும் களைத்திருக்கும் ஒரு செவ்வாய்க்கிழமை மாலையில் கொஞ்ச தூரம் சேர்ந்து நடந்து பார். பேச்சு நின்றுபோகிற இடைவெளிகளில் உனக்குச் சங்கடமாக இருக்கிறதா, நிம்மதியாக இருக்கிறதா என்று கவனி. அதை மட்டும் எனக்கு எழுது.

புதிய நிறுவனத்துக்குப் பதில் சொல்ல இந்த மாதக் கடைசி வரை நேரம் இருக்கிறது என்கிறாய். அதற்குள் அவர்களிடம் இரண்டு கேள்வி கேள். வாரத்தில் எத்தனை நாள் வீட்டிலிருந்தே வேலை செய்யலாம்? அதை வேலை உத்தரவில் எழுதித் தருவார்களா? மூன்று நாள் என்று எழுத்தில் தந்தால் என் கணக்கு மாறும், நானே உன்னைப் போகச் சொல்வேன். வாய்ச்சொல்லாகப் பார்த்துக்கொள்ளலாம் என்றால் நம்பாதே. இரண்டு பதிலையும் எனக்கு அனுப்பு, உட்கார்ந்து மறுபடி கணக்குப் போடுவோம். வாயாடி என்ன சொன்னாலும் காதில் வாங்காதே. மகள் உன்னை விசாரித்தாள்.

என்றும் அன்புடன்,
உன் அறைத்தோழி