இகத்புரிக்குப் போகும் முன்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். வெயில் இப்போதே ஏறத் தொடங்கிவிட்டது. போன் செய்தால் மாப்பிள்ளைதான் எடுக்கிறார், நீ குளித்துக்கொண்டிருக்கிறாய் என்கிறார். போன ஞாயிறும் அதே பதில், அதற்கு முந்தைய ஞாயிறும் அதே பதில். புனேயில் தண்ணீர்ப் பஞ்சம் இல்லை என்று தெரிந்துகொண்டேன். அதனால்தான் கடிதம்.

இகத்புரியில் பத்து நாள் விபாசனா தியானத்துக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறாயாமே? தம்பி சொல்லித்தான் தெரியும். ஊரில் யாருக்கு எந்த விண்ணப்பம் நிரப்ப வேண்டும் என்றாலும் உன்னைத்தான் கேட்டார்கள். பட்டறை இரைச்சலில் உட்கார்ந்து படித்துப் புனே வரை போனவள் நீ. உன் பெயரைச் சொன்னால் மரக்கடைக்காரர் எனக்கு நாற்காலி எடுத்துப் போடுகிறார். ஆனால் உன் சங்கதி எனக்குத் தம்பி வழியாகத்தான் வர வேண்டியிருக்கிறது. சரி, விடு. சாப்பிடுகிறாயா?

நான் இப்போது கானாடுகாத்தானில் ஒரு பழைய வீட்டு நிலைக்கதவைச் சரிசெய்துகொண்டிருக்கிறேன். பர்மாத் தேக்கு. அந்த வீட்டு ஆச்சி சென்னைக்குப் பக்கத்தில் திருமுடிவாக்கத்தில் இதே பத்து நாளை முடித்தவர்கள். அவர்கள் மாமனார் ரங்கூனில் கடை வைத்திருந்தவர். உங்கள் தேக்கு வந்த ஊரிலிருந்துதான் இந்தத் தியானமும் வந்தது என்று சிரிக்கிறார்கள். ஊ பா கின் என்பவர் பர்மா அரசில் தலைமைக் கணக்காயராக இருந்தவராம், துறவி இல்லை, குடும்பஸ்தர். மண்டலேயில் பிறந்த வியாபாரி கோயங்கா, ஒற்றைத் தலைவலி தாளாமல் 1955-ல் அவரிடம் போய்க் கற்றுக்கொண்டு, 1969-ல் இந்தியாவுக்குக் கொண்டுவந்திருக்கிறார். காலை நான்கு மணிக்கு மணி அடிப்பார்கள், போனை வாங்கி வைத்துக்கொள்வார்கள், பக்கத்தில் இருப்பவரிடம் பேசக் கூடாது, முதல் மூன்று நாளும் மூக்கில் மூச்சு வந்து போவதைக் கவனிப்பது மட்டுமே வேலை. கட்டணம் கிடையாது. எல்லாம் விசாரித்துவிட்டேன்.

நல்ல காரியம்தான். ஆனால் நீ ஏற்கெனவே பேசாமல்தான் இருக்கிறாய். அதற்கு மேல் பத்து நாள் பேசாமல் இருக்க எதற்கு இகத்புரி?

அம்மாவிடம் ஒரு நாள் மட்டும் "எல்லாம் என்னால்தான்" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டாய். அம்மா உடனே, "அப்படி நினைக்காதேடி, நல்லதையே நினை" என்றிருக்கிறாள். அவளுக்கு வேறென்ன சொல்லத் தெரியும்? மருந்து குடிக்கும்போது குரங்கை நினைக்காதே என்று வைத்தியன் சொன்ன கதைதான் அது. அந்தக் குரங்கை வெள்ளைக் கரடியாக மாற்றி 1987-ல் அமெரிக்காவில் டேனியல் வெக்னர் என்ற பேராசிரியர் சோதித்தே பார்த்திருக்கிறார் என்று தம்பி சொன்னான். கரடியை நினைக்காதீர்கள் என்று சொல்லி உட்கார வைத்தால் கரடிதான் திரும்பத் திரும்ப வந்ததாம். விரட்டினால் போகாது, பாப்பா. இதை அம்மாவிடம் சொன்னால் என்னிடம் சண்டைக்கு வருகிறாள்.

ஆச்சி மச்சிம நிகாயம் என்ற புத்தரின் உரைத் தொகுப்பிலிருந்து ஒரு பகுதியைப் படித்துக் காட்டினார்கள், இருபதாவது உரை. வேண்டாத எண்ணம் வந்தால் என்ன செய்வது என்று புத்தர் ஐந்து வழி சொல்கிறார். முதல் வழி, அதன் இடத்தில் நல்ல எண்ணம் ஒன்றை வைப்பது. அதற்கு அவர் சொன்ன உவமையைக் கேட்டதும் கையிலிருந்த கொட்டாப்புளியைக் கீழே வைத்துவிட்டேன். தேர்ந்த தச்சன் சன்னமான முளையை அடித்துத் தடித்த முளையை வெளியேற்றுவதுபோல என்கிறார். அந்த மனிதர் எங்கோ ஒரு பட்டறை வாசலில் நின்று வேலையைப் பார்த்திருக்கிறார், எனக்குச் சந்தேகமே இல்லை. பழைய நிலையில் முளையைக் கழற்றுவது நேற்று முழுக்க நான் செய்த வேலை. முதலில் துடைத்துப் பார்க்க வேண்டும். முளை எது, மரம் எது, எந்தப் பக்கமிருந்து அடித்திருக்கிறார்கள் என்று தெரியாமல் கை வைத்தால் மரம் பிளந்துவிடும். உள்ளே அனுப்பும் முளையும் சன்னமாக இருக்க வேண்டும். நான் பெரிய ஆள், எனக்கு எல்லாம் நல்லதாகவே நடக்கும் என்று காலையில் கண்ணாடி முன் நின்று சொல்லச் சொல்கிறார்களே, அதெல்லாம் துளைக்குப் பொருந்தாத முளை. உனக்கே நம்பிக்கை இல்லாததை உன் மனம் எப்படி வாங்கிக்கொள்ளும்?

துடைத்துப் பார்ப்பது என்றால் என்ன என்று ஆச்சியிடம் கேட்டேன். எண்ணம் வந்ததும் "இதோ, அந்த எண்ணம் வந்திருக்கிறது" என்று கண்டுகொள்வது. நெஞ்சு அடைக்கிறதா, தொண்டை இறுகுகிறதா என்று அந்த இடத்தைக் கவனிப்பது. ஒரு மூச்சு, இன்னொரு மூச்சு. "எல்லாம் என்னால்தான்" என்பது தீர்ப்பு இல்லை, வந்து போகிற ஒரு வாக்கியம் என்று அப்போது தெரியும் என்கிறார்கள். அதற்குப் பிறகுதான் மாற்று எண்ணம். அது உண்மையாகவும் சின்னதாகவும் இருக்க வேண்டும்.

உண்மை எது என்று நான் எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். மாப்பிள்ளை சொன்னார், டாக்டரம்மா உன்னிடமே சொன்னாராம். முதல் மூன்று மாதத்துக்குள் கரு கலைவதற்குப் பெரும்பாலும் கருவிலேயே குரோமோசோம் சரியாக அமையாததுதான் காரணம். நீ மாடிப்படி ஏறியதால் இல்லை. ஆபீஸ் பஸ்ஸில் போனதால் இல்லை. அத்தை சொன்ன பப்பாளியால் இல்லை. அத்தையிடம் நான் பேசிவிட்டேன், இனி சொல்ல மாட்டாள். "நான் படி ஏறியதால் இல்லை" என்ற இந்த ஒன்று போதும், பாப்பா. இதைவிடப் பெரிய நல்ல எண்ணம் உனக்கு இப்போது வேண்டாம். பட்டறையில் பாதி இழைத்த சட்டங்களைச் சுவரோரம் சாய்த்து வைத்திருக்கிறேன். அதைப் பற்றி நீ யோசிக்காதே. பார், நானும் யோசிக்காதே என்றே எழுதுகிறேன்.

பத்து நாள் போவதென்றால் விண்ணப்பத்தில் தூக்கம் இல்லாததையும் அழுகையையும் மறைக்காமல் எழுது. அவர்களே கேட்கிறார்கள், மனம் மிகவும் நொந்திருக்கும் நேரத்தில் அது எல்லோருக்கும் ஏற்றதில்லை என்று ஆச்சியும் சொன்னார்கள். வேறு வழியும் இருக்கிறது. ஜான் கபாட்-ஜின் என்பவர் 1979-ல் அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் நோயாளிகளுக்காகத் தொடங்கிய எட்டு வாரத் தியான வகுப்பு. வாரம் ஒரு முறை போய்விட்டு வீட்டுக்கு வந்துவிடலாம், ஆசிரியரிடம் பேசலாம். அந்த மாதிரி வகுப்பு புனேயில் இருக்கிறதா என்று உன் டாக்டரிடமே கேள். இரவில் தாங்க முடியவில்லை என்றால் 14416 என்று மனநல உதவிக்கு அரசாங்க எண் இருக்கிறது, டெலி மானஸ், எந்நேரமும் எடுப்பார்கள், தமிழிலும் பேசலாம். எனக்கும் போன் செய்யலாம், நான் எப்படியும் விழித்துத்தான் இருக்கிறேன்.

சாப்பாட்டை விடாதே. ஞாயிற்றுக்கிழமை நீயே போனை எடு. பேச வேண்டாம், எடுத்தால் போதும்.

அம்மா புனேக்கு வருகிறேன் என்று துணி எடுத்து வைத்துவிட்டாள். மாப்பிள்ளையைக் கேட்டால் உன்னைக் கேட்கச் சொல்கிறார். வரட்டுமா, இகத்புரி முடிந்த பிறகு வரட்டுமா என்று தேதி மட்டும் தம்பிக்கு அனுப்பு. டிக்கெட் எடுக்க வேண்டும்.

அன்புடன்,
அப்பா