கரையோரச் சிவப்பு எல்லாம் பாசியா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கடலின் பச்சையம் பற்றி உங்கள் அறிவியல் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். கூடவே வந்த செயற்கைக்கோள் படத்தில் கரையோரம் முழுக்கச் சிவப்பு; பச்சையம் மிகுதி என்று காட்டப் படத்தில் பூசிய நிறம் அது. 'நுண்பாசி நிறைந்த பகுதி' என்று அதன் கீழே போட்டிருந்தீர்கள். கடல்நீரை வடிகட்டிப் பச்சையம் அளக்கும் வேலையில் இருப்பவள் நான். அந்த ஒரு வரி உறுத்தியது.

பச்சையம் நீல ஒளியை நன்றாக உறிஞ்சும். பச்சை ஒளியை அவ்வளவாகத் தொடாது. அதனால் கடலிலிருந்து மேலே வரும் ஒளியில் 443 நானோமீட்டர் நீலத்தையும் 555 அருகிலுள்ள பச்சையையும் ஒப்பிட்டால் பச்சையத்தின் அளவைக் கணிக்கலாம். 1978இல் நிம்பஸ்-7 செயற்கைக்கோள் சுமந்துபோன கருவி முதல் இதுதான் அடிப்படை. நடுக்கடலில் இது நன்றாகவே கைகொடுக்கிறது. கரையோரம்தான் சிக்கல். ஆற்று வண்டல் பச்சை ஒளியைக் கூடுதலாகத் திருப்பி அனுப்பும். மட்கிய இலைதழையிலிருந்து கரைந்து வரும் மஞ்சள் பொருளும் நீலத்தையே விழுங்கும். விகிதக் கணக்கு இரண்டையும் பச்சையமாக எடுத்துக்கொள்ளும்.

இன்னொன்று. செயற்கைக்கோளை எட்டும் ஒளியில் ஏறக்குறைய 90 சதவீதம் காற்றுமண்டலம் சிதறடித்தது. அதைக் கழிப்பதில் சிறு பிழை வந்தாலும் பச்சையக் கணக்கு வெகுவாக மாறிவிடும். இதைச் சரிபார்க்கத்தான் 1997 முதல் ஹவாய்க் கடலில் மோபி என்ற மிதவை ஒளியை அளந்து வருகிறது. எங்கள் வேலையும் அதற்குத்தான். நீரைக் கண்ணாடியிழைத் தாளில் வடிகட்டி, அசிட்டோனில் பச்சையத்தைப் பிரித்து, அது ஒளிர்வதை வைத்து அளவு சொல்கிறோம். எல்லாம் மங்கிய வெளிச்சத்தில். இல்லாவிட்டால் பச்சையம் சிதைந்துவிடும். நடுக்கடல் நீரை வடித்த தாளில் பச்சை கண்ணுக்கே தெரியாது, ஆனால் கருவி சொல்லிவிடும். அப்புறம், ஆழத்தில் அடுக்காக நிற்கும் பாசி செயற்கைக்கோளுக்கு எட்டாது. கயிற்றில் குப்பியை இறக்கித்தான் நீர் எடுக்க வேண்டும்.

அடுத்த முறை படத்தோடு அளவுகோலையும் அச்சிடுங்கள்: எந்த நிறம் கன மீட்டருக்கு எத்தனை மில்லிகிராம் என்று. பெரும்பாலும் அது மடங்கு மடங்காக ஏறும் அளவுகோல்; பக்கத்து நிறம்தானே என்று நினைத்தால் தப்பு. எத்தனை நாள் சராசரி என்பதும் வேண்டும். ஒரே நாள் படமென்றால் மேகம் மறைத்த இடம் வெறுமையாகக் கிடக்கும். அதைப் பாசியே இல்லாத கடல் என்று வாசகர்கள் எடுத்துக்கொள்ளக் கூடாது.

இப்படிக்கு,
கடல்நீர் ஆய்வகத்தில் பணிபுரியும் ஒரு வாசகி