கிராங்க் புல்லி விற்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

எடை குறைந்த அலுமினிய கிராங்க் புல்லிகளைச் செய்து விற்கும் நண்பர்களுக்கு,

வணக்கம். இன்ஜினின் சுழல் தண்டான கிராங்க் ஷாஃப்டின் முன்முனையில் உட்கார்ந்து பெல்ட்டை ஓட்டும் அந்தச் சக்கரத்தை உங்களிடம் வாங்கி மாட்டியவர்களில் நானும் ஒருவன். கையில் எடுத்தால் ஆசையாகத்தான் இருக்கும். கடைசல் வேலை கண்ணைப் பறிக்கும். என் சண்டை அதோடு இல்லை, பெட்டிக்குள் இருந்த தாளின் ஒரு வரியோடு: ‘இந்த இன்ஜின் உள்ளேயே பேலன்ஸ் செய்யப்பட்டது, அதனால் டேம்பர் தேவையில்லை.’

முதல் பாதி சரி. இரண்டாம் பாதிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. பேலன்ஸ் என்பது சுழலும் எடை ஒரு பக்கம் சாயாமல் இருப்பது. டேம்பர், அதாவது முறுக்கு அதிர்வை அடக்கும் பாகம், பார்க்கிற வேலை வேறு. ஒவ்வொரு சிலிண்டரும் ஃபயர் ஆகும்போது கிராங்க் ஷாஃப்ட் இம்மியளவு முறுக்கிக்கொண்டு உடனே திரும்புகிறது. துளி பிசகாமல் பேலன்ஸ் செய்த கிராங்கும் இப்படித்தான். ஆறு சிலிண்டர் இன்ஜின் 6000 ஆர்.பி.எம்.மில் ஓடினால் நொடிக்கு 300 தடவை இந்த அடி விழும். கிராங்கின் சொந்த அதிர்வெண்ணோடு அந்தத் தாளம் ஒத்துப்போகும் வேகங்களில் முறுக்கு பெருகிக்கொண்டே போகும். பின்பக்கம் கனமான ஃப்ளைவீல் இருப்பதால், அதிகம் ஆடுவது முன்மூக்குதான். அங்கேதான் கம்பெனி புல்லியில் ஒரு இரும்பு வளையத்தை ரப்பர் வைத்துப் பிணைத்திருக்கிறார்கள். வளையம் தன் கனத்தால் பின்தங்கி இழுக்க, ரப்பர் அந்த ஆட்டத்தைச் சூடாக மாற்றி விழுங்குகிறது. இதுதான் டேம்பர். வீண் சுமை என்று நீங்கள் கழற்றச் சொல்லும் எடைதான் அங்கே மருந்து.

என் இன்ஜினைப் பிரித்தபோது, கிராங்கைத் தாங்கும் முன் மெயின் பேரிங்கில் மேல்பூச்சு தேய்ந்து செம்பு தெரிந்தது. புல்லிதான் காரணம் என்று சத்தியம் செய்ய மாட்டேன். அழுக்கு ஆயில், குறைந்த ஆயில் பிரஷர், நாக்கிங் (சிலிண்டருக்குள் எரிபொருள் முறைதவறி வெடிப்பது), எதுவும் அதைச் செய்யும். தேய்ந்த பேரிங் படத்தைக் காட்டி உங்களைத் திட்டுபவர்களும் அவசரப்படுகிறார்கள், நான் உட்பட. ஆனால் பேரிங் பிழைத்துவிட்டது என்பதால் புல்லி நல்லது என்றும் ஆகிவிடாது. முறுக்கு அதிர்வு புல்லி போல்ட்டைத் தளர்த்தும், கிராங்கிலேயே விரிசல் விடும். ஆயில் பம்ப் கிராங்க் மூக்கிலேயே ஓடும் இன்ஜின்களில் பம்பின் கியரை உடைக்கும். பம்ப் போனால் அப்புறம் பேரிங்கைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை.

சில சிறிய நாலு சிலிண்டர் இன்ஜின்கள் கம்பெனியிலிருந்தே ரப்பர் இல்லாத புல்லியோடு வருகின்றன. கிராங்க் குட்டை, விறைப்பு. அவற்றுக்கு விற்பதில் எனக்குப் புகார் இல்லை.

பவர் கூடுவதாக நீங்கள் காட்டும் டைனோ (இன்ஜின் பவரை அளக்கும் கருவி) வரைபடமும் ஒன்று. உருளை எவ்வளவு சீக்கிரம் வேகமெடுக்கிறது என்று கணக்கிடும் டைனோவில், சுழலும் எடை குறைந்தாலே பவர் கூடியதாகக் காட்டும். புல்லியின் விட்டம் மாறவில்லை என்றால், ஒரே வேகத்தில் பிடித்து அளக்கும்போது அந்தக் கூடுதல் காணாமல் போகும். இது உங்களுக்குத் தெரியாததல்ல.

நான் கேட்பது ஒன்றுதான். ‘இந்தப் புல்லி டேம்பரை நீக்குகிறது’ என்று பெட்டியின் மேலேயே அச்சிடுங்கள். நீக்கினாலும் பாதகமில்லை என்றால், கிராங்க் மூக்கு எந்த வேகத்தில் எத்தனை டிகிரி முறுக்குகிறது என்று பழைய புல்லியோடும் உங்கள் புல்லியோடும் அளந்து, இரண்டு கோடுகளையும் ஒரே தாளில் போடுங்கள். அது வரும்வரை, நான் திரும்ப மாட்டிய கம்பெனி புல்லி அதன் இடத்திலேயே இருக்கும்.

இப்படிக்கு,
உங்கள் பழைய வாடிக்கையாளன்