பிக்காசோவின் பக்கத்தில் ஐன்ஸ்டைனை உட்கார வைப்பவர்களுக்கு

நவீன ஓவியம் பற்றித் தமிழில் எழுதும் நண்பர்களே,

வணக்கம். 1905-இல் ஐன்ஸ்டைன் சார்பியலை வெளியிட்டார், 1907-இல் பிக்காசோ 'அவிஞ்ஞோன் பெண்க'ளை வரைந்தார், ஆகவே கியூபிசம், அதாவது உருவங்களைத் தளங்களாக உடைத்து வரையும் பாணி, தூரிகையில் வந்த சார்பியல். இந்தக் கணக்கைப் படித்துப் படித்துச் சலித்துவிட்டது. இரண்டு வருடங்களும் அடுத்தடுத்து இருப்பதைத் தவிர வேறு சான்றை யாரும் காட்டுவதில்லை. பால் லபோர்ட் என்ற கலை வரலாற்றாசிரியர் இப்படித்தான் முடிச்சுப் போட்டார். 1946-இல் ஐன்ஸ்டைன் அவருக்கு எழுதிய பதில் வெட்டு ஒன்று துண்டு இரண்டு: இந்தப் புதிய கலைமொழிக்கும் சார்பியல் கோட்பாட்டுக்கும் பொதுவாக எதுவுமில்லை.

1905-ஆம் ஆண்டுக் கட்டுரை இயற்பியலாளர்களுக்குள்தான் சுற்றியது. 1919 மே 29 சூரிய கிரகணத்தின்போது எடுத்த அளவீடுகள் அவருடைய கோட்பாட்டுக்கு ஆதரவாக அந்த நவம்பரில் வெளியான பிறகே ஐன்ஸ்டைன் பெயர் ஊர்வாய்க்கு வந்தது. அதற்குள் கியூபிசம் பழைய கதை.

இயற்பியல் ஓவியர்களை எட்டவே இல்லையா என்றால், எட்டியது. அது வேறு இயற்பியல். 1895 டிசம்பரில் ரோண்ட்ஜன் தன் மனைவியின் கையை எக்ஸ் கதிரில் படமெடுத்தார். விரலெலும்புகளும் அவற்றில் ஒன்றைச் சுற்றி ஒரு மோதிரமும் கறுப்பாக விழுந்தன. சதை வெறும் நிழலானது. சில வாரங்களில் ஐரோப்பியப் பத்திரிகைகள் எல்லாம் இதே பேச்சு. மறுவருடம் பெக்கரல் யுரேனியத்தில் கதிரியக்கத்தைக் கண்டார். 1910-இல் வேகத்தையும் இயந்திரத்தையும் கொண்டாடிய இத்தாலிய ஃபியூச்சரிஸ்ட் ஓவியர்கள், உடல்கள் ஒளிபுகாதவை என்று இனி யார் நம்புவார் எனத் தங்கள் அறிக்கையில் கேட்டார்கள். உவமைக்கு எக்ஸ் கதிரையே இழுத்தார்கள். அதே வருடம் பிக்காசோ வரைந்த, அவருடைய ஓவிய வணிகர் கான்வைலரின் உருவப்படம் சிகாகோவில் இருக்கிறது. ஆளும் அறையும் ஒன்றுக்குள் ஒன்று புகுந்த பழுப்புத் தளங்கள். கொஞ்சம் தலைமுடி, ஒரு கடிகாரச் சங்கிலி, கீழே கோத்த கைகள், அவ்வளவுதான் பிடிபடும். எக்ஸ் கதிரைப் பார்த்துத்தான் வரைந்தார் என்று அடித்துச் சொன்னால் நானும் உங்கள் கட்சியில் சேர்ந்துவிடுவேன். ஆனால் உடலுக்குள் கண் நுழையும் என்ற நினைப்பு அந்தக் காலத்துக் காற்றில் இருந்தது. ரஷ்ய ஓவியர் காண்டின்ஸ்கி 1913-இல் எழுதிய நினைவுக் குறிப்பில் வெளிப்படையாகவே சொல்கிறார்: அணு உடைபடும் என்ற செய்தி அவருக்கு உலகமே இடிந்து விழுந்ததற்குச் சமம், கல் ஒன்று கண்ணெதிரே காற்றில் கரைந்திருந்தாலும் வியந்திருக்க மாட்டாராம்.

இதில் வேடிக்கை, ஈதர்: ஒளி பரவுவதற்காக வெளியெங்கும் நிறைந்திருப்பதாக அன்று நம்பிய ஊடகம். இத்தாலியின் 20 சென்ட் யூரோ நாணயத்தில் விரைந்து நடக்கும் உருவம் ஃபியூச்சரிஸ்ட் பொச்சியோனி செய்த சிற்பம். கண்ணில் படாத அந்த ஊடகத்துக்கு உருக்கொடுப்பதைப் பற்றி எழுதியவர் அவர். 1905-இல் ஐன்ஸ்டைன் தேவையில்லை என்று ஒதுக்கியதும் அதே ஈதரைத்தான்!

நான்காம் பரிமாணமும் அப்படியே. கியூபிஸ்ட்கள் அந்தப் பெயரில் பேசியது சார்பியலில் வரும் காலத்தைப் பற்றி இல்லை, நாம் காண முடியாத இன்னொரு திசையைப் பற்றி. அந்தப் பேச்சுக்குத் தீனி போட்டவர் பிரெஞ்சுக் கணிதவியலாளர் புவான்காரே. வடிவியலின் அடிப்படை விதிகள் நாம் வசதிக்காகச் செய்துகொண்ட உடன்பாடுகள் என்று 1902-இல் எழுதியவர்.

அந்தக் கருத்தைப் பிரெஞ்சுக் கலைஞர் துஷாம்ப் 1913-இல் என்ன செய்தார் பாருங்கள். ஒரு மீட்டர் நூலை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து, நீலம் பூசிய துணியின் மேல் விழவிட்டார். விழுந்த வளைவை அப்படியே வார்னிஷால் ஒட்டினார். இப்படி மூன்று. பிறகு அந்த வளைவுகளின்படி மரச்சட்டங்களும் வெட்டினார். பிரான்சில் பிளாட்டினம்-இரிடியம் கலப்பில் மூல அளவுகோலாகக் காத்துவைத்த மீட்டருக்குப் போட்டியாக மூன்று கோணல் மீட்டர்கள். (பிற்பாடு சோதித்தவர்கள், நூல் துணியைத் துளைத்துப் பின்பக்கமும் போவதைக் கண்டார்கள். ஆக, எல்லாமே தற்செயல் இல்லை. எனக்கு இதனால் அவரை இன்னும் பிடித்துப்போனது.)

கேட்பது இதுதான். அந்த ஓவியர் அந்த வருடம் எதைப் படித்திருக்க முடியும் என்று பார்த்துவிட்டு எழுதுங்கள். 1910 என்றால் ரோண்ட்ஜன், பெக்கரல், புவான்காரே. 1921 என்றால் தாராளமாக ஐன்ஸ்டைனை அழையுங்கள். அப்போது ஜெர்மனியின் போட்ஸ்டாமில் கட்டடக் கலைஞர் மெண்டல்சோன் கட்டிய கோபுரத்துக்கு ஐன்ஸ்டைன் பெயரே இருக்கிறது. சூரிய ஒளியை வைத்து அவருடைய ஈர்ப்புக் கோட்பாட்டைச் சோதிக்க எழுப்பியது அது. வார்த்த கான்கிரீட் போலத் தெரியும், உள்ளே பெரும்பாலும் செங்கல்.

அன்புடன்,
ஒரு வாசகன்